இரண்டாம் நாள் ரத்தம்

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆடிக் காற்று. கொடியில் காயப்போட்ட துணி எல்லாம் புழுதி. முதல் மினி பஸ்ஸில் திருச்சுழி, அங்கிருந்து அருப்புக்கோட்டை. வெறும் வயிறு. என் ரத்தம் எடுக்கிற நாள்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு: எஃப்.எஸ்.ஹெச், எல்.ஹெச், ஏ.எம்.ஹெச், புரோலாக்டின், தைராய்டு. நான்கு வருடமாக ஏன் பிள்ளை தங்கவில்லை என்று இந்த ஹார்மோன்களிடம் கேட்க வேண்டுமாம். அடுத்த தடவை இரண்டாம் நாள் காலையில் வரச் சொன்னார். அத்தை விரல் விட்டு எண்ணினார். "நேத்து தலைக்கு ஊத்தின. இன்னைக்கு ரெண்டு. கெளம்பு தாயி." எங்கள் வீட்டில் கணக்கு முழுக்கிலிருந்துதான். அதற்கு முந்தைய நாட்கள் தீட்டு, எண்ணிக்கையிலேயே வராது. எனக்கும் சந்தேகம் வரவில்லை.

லேப் பெண் கேட்டாள், "என்னைக்கு வந்துச்சுக்கா?"

"வெள்ளிக்கிழமை."

"அப்ப இன்னைக்கு நாலாம் நாளுல்ல?"

"நேத்துத்தான குளிச்சேன்!"

"குளிச்சதுக்கும் ரத்தத்துக்கும் என்னக்கா சம்பந்தம்? வந்த அன்னைக்குத்தான் ஒண்ணு."

இ-சேவை மையத்தில் ஊரார் விண்ணப்பத்தில் எல்லாம் தப்புக் கண்டுபிடிக்கிறவள் நான். என் தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டு நிற்கிறேன். ஒரு மாதம் போச்சு.

அடுத்து அவள் கூட வந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "அண்ணனுக்கும் சீட்டு இருக்கே. சாப்ட்டீகளா?" நான் பட்டினி என்று இவரும் டீ கூடக் குடிக்கவில்லை. வசமாகச் சிக்கினார். கரி மூட்டை தூக்குகிற ஆள், ஊசியைப் பார்த்ததும் வேர்த்துவிட்டார். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி, "முடிஞ்சிருச்சா புள்ள?" ஊசியை இன்னும் உறையிலிருந்தே எடுக்கவில்லை.

பிறகு ஆளுக்கு இரண்டு பூரி செட்டு. இவர் நன்றாகவே சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வேலை: வருமானச் சான்று, பட்டா நகல், பிரிண்டருக்கு மை.

அத்தைக்கு நேற்றிலிருந்து மனசே சரியில்லை. "எம் புத்தியச் செருப்பால அடிக்கணும். உன்னய வீணா அலைய விட்டுட்டேன்." விடுங்கத்தை என்றால் கேட்பதில்லை. என் பங்கு மோருக்கு மட்டும் தாளிப்பு கூடுதல்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மையத்தில் கூட்டம். நடுவில் போனில் இவருடைய ரிப்போர்ட் வந்தது. அங்கேயே பிரிண்ட் எடுத்தேன். புரோலாக்டினுக்கு நேரே கூடுதல் என்று குறி. டெஸ்டோஸ்டிரோனுக்கு நேரே குறைவு.

முதலில் வந்தது பயம் இல்லை. நிம்மதி. என்னிடம் மட்டும் இல்லை என்கிற நிம்மதி. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அடுத்த நிமிடம் இவர் முகம் ஞாபகம் வந்தது. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தேன். "என்னம்மா, சர்வர் போச்சா?" என்றார் வரிசையில் முதலில் நின்றவர்.

ஆகஸ்ட் 16, சனி

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். புரோலாக்டின் கூடினால் ஆண் ஹார்மோன் குறையும். பயத்திலும் கொஞ்சம் கூடும். அதனால் என் ரத்தம் எடுக்க வரும்போது இவருக்கும் இன்னொரு தடவை, பதறாமல். அப்போதும் கூடுதலாகவே இருந்தால் காரணம் பார்த்து மாத்திரை. கரி சுடுகிற மூட்டத்துச் சூட்டில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். கூடவே வேறொரு பரிசோதனையும் எழுதினார். அது எப்படி எடுப்பது என்று கேட்டதும் இவர் காது மடல் சிவந்துவிட்டது.

பஸ்ஸில் திருச்சுழி வந்தோம். இறங்கும்போது சொன்னார்: "இம்புட்டு நாளும் உன்னயத்தான புள்ள எல்லாரும் சொன்னாக."

"சொன்னா சொல்லிட்டுப் போறாக. நீங்க சொன்னீகளா?"

"நான் ஒண்ணுமே சொல்லலயே. அதுதான்."

வீட்டு வாசலில், "அம்மாட்ட இப்பச் சொல்லாத" என்றார். சரி என்றேன். இவர் கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மழை வருகிற மாதிரி கூடி, நரிக்குடிப் பக்கம் போய்விட்டது. துவையலுக்குத் தேங்காய் வாங்க மறந்தாச்சு.

பக்கத்து வீட்டுச் சின்னம்மா குழாயடியில் என் வயிற்றைப் பார்த்துவிட்டு அத்தையிடம், "ஏன்க்கா, வேற எடத்துல பாத்திருக்கலாமோ?" அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நானும் இவரும் வைத்திருக்கிற ரகசியம் என் தொண்டை வரை வந்தது.

செப்டம்பர் 6, சனி

இத்தனை மாதமும் வரக் கூடாது என்று கும்பிட்டவள். இந்த மாதம் வந்தால் ரத்தம் கொடுக்கலாம், வராவிட்டால் கொடுக்கவே வேண்டாம். சாமிக்கே குழப்பம் வரும். இவரிடம் சொன்னேன். சிரித்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரிப்பு.

செப்டம்பர் 8, திங்கள்

வந்துவிட்டது. காலை ஐந்தரை. கொஞ்சம் அழுதேன். இன்றைக்கு ஒண்ணு, நாளைக்கு ரெண்டு என்று நானே எண்ணிக்கொண்டேன்.

அத்தை எங்கிருந்தோ மலைவேம்பு இலை வாங்கி வந்து அரைத்திருக்கிறார். பச்சைச் சாறு, டம்ளர் நிறைய. என்னைத் தொடாமல் படியில் வைத்தார். "மூணு நாளு மூக்கப் பிடிச்சிட்டுக் குடிச்சிரு தாயி. கர்ப்பப்பை சுத்தமாயிரும்."

நான் குனிவதற்குள் இவர் எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

"ஏலே, அது பொம்பளைக குடிக்கிறதுடா!"

"கொறை எனக்குத்தாம்மா. ரத்தத்துல வந்திருச்சு. இவளுக்கு இன்னும் பாக்கவே இல்ல. இனி இவளுக்கு எதையும் அரைக்காத."

அத்தை காலி டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. இவர் மூன்று தடவை வாய் கொப்பளித்தார். கசப்பு போகவில்லையாம். எனக்கு இவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, தீட்டாவது ஒன்றாவது.

செப்டம்பர் 9, செவ்வாய்

விடிந்தும் விடியாமல் அத்தை புதுச் சேலை கட்டி நிற்கிறார். "நானும் வாரேன்." ஏன் என்று கேட்க இருவருக்கும் தைரியம் இல்லை.

மினி பஸ்ஸில் பாதி ஊர். அத்தை என்னை ஜன்னலோரம் உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார், தோளோடு தோள். இரண்டாம் நாளில் இப்படி உட்கார்ந்ததே இல்லை. இவர் படி ஓரம் நின்றார்.

முன் சீட்டிலிருந்து அதே சின்னம்மா திரும்பினார். "என்னக்கா, குடும்பத்தோட? மருமகளுக்கு வைத்தியமா?"

பஸ்ஸே கேட்கிற மாதிரி அத்தை சொன்னார்: "எம் மகனுக்கு வைத்தியம். இவ அவனுக்குத் தொணைக்கு வாரா."

எல்லாத் தலையும் படிப் பக்கம் திரும்பியது. இவர் கம்பியை விடாமல், "ஆமா சின்னம்மா. எனக்குத்தேன்" என்றார்.