பாய்மரத்துக்குக் குறித்த மரத்தில் இருவாச்சி

மலை குளிர்க, கடல் அமைதி கொள்க. செம்பரல் நாட்டையும் கூவல் மலையையும் ஆளும் நன்முல்லைக் கோமகளார், திமிலூர்த் துறையின் தலைவரும் நம் மரக்கலங்களுக்கெல்லாம் காவலருமான சாத்தங்கிழாருக்கு மலைமேலிருந்து எழுதுவிக்கும் ஓலை. உமக்கும், உம் துறைவாழ் பரதவர்க்கும், தச்சர்க்கும் நலம் உண்டாகுக.

பாய்மரம் ஏன் வந்து சேரவில்லை என்று மூன்று முறை ஆள் அனுப்பிக் கேட்டீர். கேட்டது முறையே. தீவின் அரசரோடு நாம் செய்யவிருக்கும் உடன்பாடு அந்த ஒரு கலத்தை நம்பி நிற்கிறது. காற்று திசை மாறிவிட்டால் ஆறு திங்கள் வீணாகும். ஆயினும் இங்கே நடந்ததை அறிந்தால் உம் சினம் ஆறும் என்றே எண்ணுகிறோம்.

மரம் கொணரும் பொறுப்பு அமைச்சர் கீரங்கண்ணனாருடையது. புறாக்களின் முனகல் ஓலை படிக்க இடையூறு என்று அரண்மனை மாடத்துக் கூண்டுகளையே அகற்றச் சொன்னவர் அவர். நாற்பது முழம் கணுவின்றி நிமிர்ந்த மரம் ஒன்றைத் தேர்ந்து, முதல் வெட்டுக்கு அவர் கை உயர்த்திய வேளையில், மலையில் தேன் எடுக்கும் மாதி என்பவள் குறுக்கே வந்து நின்றாள். அவள் சொல்லை அவள் சொன்னபடியே எழுதுவிக்கிறோம்: “மேல பொந்துக்குள்ள பொட்ட இருவாச்சி இருக்குதுங்க. வாசல அடச்சிக்கிட்டுக் குஞ்சோட கெடக்குது. எறகெல்லாம் உதுந்து, இப்பத்தான் மொளைக்குது. மரம் சாஞ்சா அதால பறக்க முடியாதுங்க.”

அமைச்சர் நம்பவில்லை. அப்போது ஆண் பறவை வந்தமர்ந்து, தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பொந்தின் சிறு பிளவில் நீட்ட, உள்ளிருந்து ஓர் அலகு நுனி அதை வாங்கிக்கொண்டது. அமைச்சர் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்தே நின்றார். பத்து நாள் பொறுப்போம் என்றார்.

அதன்பின் அவர் எமக்கு விடுத்த ஓலைகளில் மரத்தின் செய்தி குறைந்துகொண்டே வந்தது. தம் கூடாரத்துக்கு மேலிருந்து மலையணில் தம்மைத் திட்டுவதையும், கருங்குரங்கு ஒன்று தலைப்பாகையைக் கொண்டுபோய் மூன்று நாளாகத் தராததையும் பெருமையோடு எழுதினார்.

ஆறாம் நாள் ஆண் பறவை வரவில்லை. ஏழாம் நாளும் வரவில்லை. தேடிப் போனவர்கள் பாறைச் சரிவில் அதன் உடலைக் கண்டார்கள், கழுகு அடித்திருந்தது. மரம் வெட்ட வந்த கோடரியாரின் தலைவன், “உள்ள இருக்குறது இனிப் பட்டினியிலதான் போகும் சாமி. வெட்டிரலாம்” என்றான். அவன் கூற்றில் தவறில்லை. கீரங்கண்ணனாரோ, மனிதர் கொடுத்தால் அது உண்ணுமா என்று மாதியிடம் வினவினார்.

“வாங்குமான்னு தெரியாதுங்க. ஏறிப் பாக்குறேன்” என்றாள் அவள்.

மரத்தில் மூங்கில் முளைகளைப் படிகளாக அறைந்து ஏறி, நீண்ட கழியின் பிளந்த நுனியில் பழத்தைச் செருகி நீட்டினாள். அன்று கொடுத்ததையெல்லாம் அலகு தட்டிவிட்டது. மறுநாள் நான்காம் பழத்தை வாங்கிக்கொண்டது. கீழே நின்ற அமைச்சர் போட்ட கூச்சலில், எவரோ விழுந்துவிட்டார் என்று கோடரியார் ஓடி வந்தனராம். அன்றுமுதல் பத்தொன்பது நாள் அவர்கள் யாவரும் பழம் பொறுக்கினர். கூடை சுமந்தவர் நம் அமைச்சர்.

நாம் சினத்தோடுதான் மலையேறினோம். இன்று காலை வந்து சேர்ந்தபோது ஒருவரும் எம்மை வணங்கவில்லை. எல்லோரும் மேலே பார்த்து நின்றனர். பொந்தின் அடைப்பு உடைந்து உதிர்ந்துகொண்டிருந்தது. தாய் வெளியே வந்தாள். கிளையில் அமர்ந்து, புதுச் சிறகை ஒருமுறை விரித்துப் பார்த்து, மலைமுகட்டைத் தாண்டிப் போய்விட்டாள். குஞ்சு உள்ளே தனியே கத்தியது. அமைச்சர் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நேரம் போயிற்று. குஞ்சு தானே உள்ளிருந்து வாசலைப் பூசி அடைக்கத் தொடங்கியதை மாதி எமக்குக் காட்டினாள்.

அப்போது, பெருங்காற்று மரத்தில் மோதுவதுபோல் ஓர் ஓசை. தாய் திரும்பி வந்து அமர்ந்து, குஞ்சுக்குத் தானே பழம் நீட்டினாள். கீரங்கண்ணனார் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் அமர்ந்து, சிரித்தபடியே அழுதார். நாமும் அவ்வாறே செய்தோம். இதையும் எழுதலாம் என்று எழுத்தனுக்கு ஆணையிட்டோம்.

ஆதலால் நம் கட்டளை இது. இரண்டு மரங்களை இணைத்து இரும்புப் பட்டை இறுக்கிப் பாய்மரம் செய்யலாம் என்று உம் தலைமைத் தச்சர் முன்பே சொன்னார். அரச கலத்துக்கு ஒட்டு மரம் தகாது என்று மறுத்தவர் நாமே. அவ்வாறே செய்க. கலம் மெல்லச் சென்றாலும் செல்க. பிந்தினால் தீவின் அரசருக்கு நாமே விடை சொல்வோம். இம்மரத்தில் இட்ட வெட்டுக்குறியை நம் கையால் செதுக்கி எறிந்தோம். இனி இதில் எவரும் கோடரி வைத்தல் ஆகாது. குஞ்சு பறக்கும்வரை அமைச்சர் இங்கேயே இருப்பார். அவர் கேட்டார், தந்தோம்.

அரியணை இல்லாத இடத்தில், மரத்தின் வேர்மேல் அமர்ந்து முத்திரை இட்டோம். தாய் இன்னும் பசியாற்றிக்கொண்டிருக்கிறாள். பார்க்க வேண்டியிருப்பதால் இவ்வளவில் ஓலை நிற்க.