நிலாவின் டிஸ்க்குக்குப் பொட்டு வைத்த கதை

மயிலாப்பூர்
வெள்ளிக்கிழமை

அக்கா, அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது கீர்த்தி. நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன், அம்மா விட்டுவிடச் சொல்வதையும் சேர்த்து.

அன்புள்ள தமிழ்நிலாவுக்கு அம்மா சொல்வது. இங்கே எல்லாரும் சுகம், நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாயா? அடையாறு ஆய்வகத்தில் நீ மைக்ராஸ்கோப்பில் எடுத்த பழைய படங்களை இந்த மாதத்துக்குள் காட்டாவிட்டால் உன் கட்டுரையைத் தள்ளிவிடுவார்கள் என்று போனில் அழுதாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை (நேற்று தோசை நன்றாகவே இறங்கியது). பீரோவில் இருப்பதாக நீ சொன்ன கறுப்பு டிஸ்க் அங்கே இல்லை, வீட்டையே புரட்டினோம், கடைசியில் சாமி படத்துக்குக் கீழே காய்ந்த பூவுக்குள் கிடந்தது. உன் அப்பா வேலைதான். ஆயுத பூஜையன்று ஆட்டோவுக்கும் என் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்தவர் அதற்கும் சந்தனம் அப்பியிருக்கிறார், ஒயர் செருகும் ஓட்டைக்குள்ளேயே காய்ந்து இறுகிவிட்டது. இன்னாய்யா, பொட்டு வைக்க உனக்கு வேற எடமே கெடைக்கலயா என்று கேட்டேன் (இன்னும் நிறைய கேட்டாள்). பொண்ணுதான் ஊர்ல இல்ல, அவ ஆயுதமாச்சும் பூஜையில இருக்கட்டுமேன்னு வச்சேன் என்றார், டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். செல்போன் கடை அப்துல் வஹீத் பாய் பிரஷ்ஷால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார், உன் அப்பாவிடம், டில்லிபாபு, அடுத்த வருஷம் என் கடைக்கும் வந்து பொட்டு வையேன் என்று கிண்டல் வேறு. செருகியதும் நீல விளக்கு எரிந்தது, படமெல்லாம் பத்திரமாகத் திறந்தது, அப்பா அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். நெட்டில் ஏற்றினால் பாதியில் நிற்கிறது, அதனால் கீர்த்தியின் லேப்டாப்பில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு டிஸ்க்கை நாளைக்குக் கூரியரில் அனுப்புகிறோம், கூடவே முறுக்கு. இனி அழாமல் வேலையைப் பார், நன்றாக இருப்பாய், தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே.

இப்படிக்கு
உன் அம்மா அன்புச்செல்வி

அக்கா, இதை எழுதாதே என்றாள் அம்மா. லேப்டாப்பில் உன் படத்தைக் காட்டினேன். பச்சைக் கோடுதான் ஒரு செல்லை அடுத்த செல்லோடு ஒட்டிவைக்கும் பசை, அந்தப் பசை போன இடத்தில் ஒரு செல் மட்டும் பிரிந்து உடம்பில் வேறெங்கோ போகிறது என்றேன். தையல் வுட்டுப் போச்சா என்று கேட்டவள், தனியா போற எடத்துல அதுக்கு யாருடி சோறு போடுவா என்றாள். அம்மா, அதுதான் புற்றுநோய், அதுதான் வில்லன் என்றேன். இருக்கட்டும்டி, தனியா கீதே என்றாள். அறை வெளிச்சத்தில் படம் சரியாகத் தெரியவில்லையாம், இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். விளக்கை அணைத்துவிட்டாள்.