மேற்குச் சுவரில் கண்ணாடி

திருக்கோணமலை
3.6.1979

அன்புள்ள மகன் சிறிலுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் தங்கச்சி கிறிஸ்டினும் இருக்கிறோம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் மெல்பேணில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்த பத்திரிகைத் துண்டும் கிடைத்தன, கிறிஸ்டின் வாசித்துத் தமிழில் சொன்னாள். ஓட்டுக் கூரை, அகலமான தாழ்வாரம், சுவர் உச்சியில் காற்றுத் துவாரம், மேற்கே நிழல் மரம், கூரைத் தண்ணீர் பிடிக்கத் தொட்டி, மின்விசிறியே தேவைப்படாத வீடு என்று அங்கே ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துப் பரிசு வாங்கினாயாம். சந்தோஷம், பெற்ற வயிறு சந்தோஷப்படாமல் இருக்குமா. ஆனால் மகன், அது எங்கள் பழைய வீடுதானே, நீ படித்து முடித்த கையோடு இடிப்பித்த வீடு. இப்போது ஏதோ கூட்டத்தில் பேசுவதற்கு அதன் அளவுகளை அனுப்பச் சொல்கிறாய். எதைப் போய் அளக்க? துறைமுகத்தை மறைக்கிறது என்று மேற்குப் பக்கத்து வேம்பைத் தறிப்பித்து, அந்தச் சுவர் முழுக்கக் கண்ணாடி போட்டு, மேலே தட்டையாகக் கொங்கிறீற் ஊற்றினாயே, அதைத்தான் அளக்கலாம்.

நீ வருவதெல்லாம் மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு. அப்போது மழையும் வாடைக்காற்றும், வீடு குளுகுளுவென்றுதான் இருக்கும். அப்பாவின் தோளில் கை போட்டுக் கப்பல் காட்டிவிட்டுப் போய்விடுவாய். வைகாசியில் அந்த அனல் கச்சான் காற்று கிளம்பிய பிறகு இந்த வீட்டை நீ கண்டதே இல்லை. பின்னேர வெயில் கண்ணாடிக்குள்ளால் கட்டில் வரைக்கும் வரும், விசிறி சூட்டைத்தான் அள்ளி இறைக்கும். அப்பா மத்தியானம் சோறு தின்ற கையோடு பக்கத்து வளவு ஜமால்தீனின் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலுக்குப் போய்விடுவார், கேட்டால் சும்மா கதைக்கப் போறன் என்பார். போன வருஷம் பாரிசவாதம் வந்தபின் அதற்கும் ஏலாமல் அந்தக் கண்ணாடி அறையிலேயே கிடந்தார். ஜமால்தீன்தான் வந்து கண்ணாடிக்கு ஈரச் சாக்குக் கட்டிவிட்டார். உனக்கு அனுப்பப் படம் எடுக்க ஸ்ரூடியோக்காரர் வந்த அன்று அதைக் கழற்றச் சொல்லி, சேட்டும் போட்டுக்கொண்டு, வியர்க்க வியர்க்கச் சிரித்தார் உன் அப்பா. அந்தப் படத்தைத்தான் நீ கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறாய். சிறிலுக்கு ஒண்டும் எழுதிப்போடாதை, பெடியன் ஆசையாய்க் கீறின வீடு, மனம் நொந்துபோவான் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். யூலையில் கண்ணை மூடினார், அடக்கத்துக்கும் உனக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் சொல்லுக்காக இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்திரிகைத் துண்டைக் கேட்ட பிறகு என்னால் ஏலவில்லை. முன்பின் தெரியாத சனத்துக்கு நிழலும் காற்றும் யோசித்துக் கொடுக்கத் தெரிந்த உனக்கு, பெற்ற தகப்பனுக்குக் கொடுக்கத் தோன்றவில்லையே. கோபம்தான், ஒளிக்க மாட்டேன்.

நானும் கிறிஸ்டினும் இப்போது பின்வளவில் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலில்தான் படுக்கிறோம். அங்கிருந்துதான் இதையும் எழுதுகிறேன். உங்கள் பக்கம் இப்போது குளிராம், பிள்ளைகளுக்குக் காதை மூடிக் கட்டிவிடு, பூசைக்குப் போகத் தவறாதே. மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும். அப்பாவின் ஆண்டுப் பூசை யூலை பதினெட்டாம் தேதி. இந்த முறை நத்தாருக்கு வராதே, அதற்கு வா. அவருடைய கட்டிலை அந்த அறையில் அப்படியே விட்டிருக்கிறேன். சாக்கைக் கழற்றிவிட்டு ஒரு பின்னேரம் அதில் படுத்து எழும்பு, பிறகு அளவெடுக்கலாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா