காணாமல் போன இரண்டு பக்கங்கள்

என் அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். இங்கே இருவரும் உடம்பளவில் நலம், அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் வழக்கம்போல நடக்கிறது, பக்கத்துக் கட்டில்காரருக்குக் குறுக்கெழுத்து சொல்லிக்கொடுத்து அவர் உயிரை எடுக்கிறார். மாடிக் குழாய் ஒழுகுவது நிற்கவில்லை, நாளைக்கு வருகிறேன் என்று பிளம்பர் சொல்லி மூன்று வாரமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில், அந்த நர்ஸ் கேஸ் என்ன ஆச்சு என்று கேட்டாய், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குப் பாதிதான் தெரியும், முதலிலிருந்து சொல்கிறேன். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, உன் வயதுதான் இருக்கும், டிரிப் பாட்டிலுக்குள் பூஞ்சை மிதப்பதைப் பார்த்து மேலதிகாரிக்குப் புகார் எழுதினாள். அந்தப் பாட்டில்களை சப்ளை செய்வது அமைச்சரின் மைத்துனர். ஒரு மாதம் கழித்து விஷயம் பத்திரிகையில் வந்ததும், எழுத்தில் புகாரே கொடுக்காமல் வதந்தி பரப்பினாள் என்று அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். பாவம், நகல் எடுத்து வைத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. அவள் கோர்ட்டுக்கு வந்தாள், துறையின் பக்கம் வாதாட வேண்டிய அரசு வக்கீல் நான். கோப்பு வந்ததும், நீ கேலி செய்வாயே, அதேபோல ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் பென்சிலில் பொடியாக எண் போட்டேன். முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும் அவளுடைய புகார், வந்த தேதியோடு முத்திரை குத்தியிருந்தது. இந்த கேஸ் நிற்காது, அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று துறைக்கு எழுதினேன். ஏதோ சரிபார்க்க வேண்டும் என்று கோப்பைத் திருப்பி வாங்கினார்கள். நான்கு நாள் கழித்து வந்தபோது மேலே சிவப்பு மையில் எண்களெல்லாம் புதிதாக, ஒழுங்காக இருந்தன. கீழே என் பென்சில் எண் முப்பதிலிருந்து முப்பத்துமூன்றுக்குத் தாவியது. இவ்வளவு பாடுபட்டவர்களுக்கு ஒரு ரப்பர் வாங்கத் தோன்றவில்லை. முதலில் சிரிப்புதான் வந்தது, அப்புறம் அந்த இரண்டு பக்கத்தையும் தேடிக் கோப்பை மறுபடி முதலிலிருந்து புரட்டினேன்.

எங்கள் தலைமை வக்கீலிடம் போனேன், இஸ்திரிப்பெட்டி என்று பேர் வைத்தாயே, அவரிடம்தான். அமைச்சரின் உதவியாளர் அவர் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும் வரை வாசலில் நின்றிருந்து சொன்னேன். "கோப்பு கட்சிக்காரரோடது. நாம வக்கீல்தான், சாட்சி கிடையாதும்மா" என்றார். கட்சிக்காரர் ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது, கோர்ட்டில் பொய் சொல்லவும் கூடாது, இரண்டு விதியும் எனக்குத் தலைகீழ்ப் பாடம், ஜூனியர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். வகுப்பில் இரண்டும் முட்டிக்கொண்டதில்லை. அந்தப் பக்கங்கள் திரும்பி வராமல் ஆஜராக மாட்டேன் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஓரத்தில் 'நேரில் பேசவும்' என்று எழுதித் திரும்பி வந்தது. நேரில் போனால் மீட்டிங்கில் இருக்கிறார். மூன்றாம் நாள் கேஸை வேறொருவருக்கு மாற்றிவிட்டு, எனக்கு எல்லைக்கல் தகராறுகளைக் கொடுத்துவிட்டார்கள்.

விசாரணை அன்று எனக்கு அங்கே வேலையில்லை, இருந்தும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். புது வக்கீல் நல்ல மனிதர்தான், அவருக்கு ஒன்றும் தெரியாது, இந்தத் தடவை ரப்பர் வாங்கியிருப்பார்கள். இதுதான் முழுக் கோப்பா என்று நீதிபதி கேட்டார். ஆமாம் என்றார் அவர். அப்போது நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்து நின்றிருந்தாலே போதும், என்னம்மா என்று நீதிபதி கேட்டிருப்பார். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்தேன், பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் சிகிச்சை என் வேலையை நம்பித்தான் நடக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது, "நீ வாயத் திறக்காததுக்கு என்னைச் சாக்கா வைக்காதே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது, கோபப்பட வேறு யார் இருக்கிறார்கள் சொல்.

அவரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. தீர்ப்பு முடிந்து வராந்தாவுக்கு வந்ததும் அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். அவளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி நான் எழுதியது எப்படியோ அவள் காதுக்குப் போயிருக்கிறது. அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது மேடம்" என்றாள். நான் இருந்தேனே. அவளுக்குப் பின்னால் நாலு வரிசை தள்ளித்தானே இருந்தேன். பார்த்துப் போம்மா என்று மட்டும் சொன்னேன்.

வேலையை விட்டுவிடு என்று நீ சொல்வாய், பத்திரிகைக்குச் சொல்லுங்கள் அத்தை என்பார் மாப்பிள்ளை. வேலையை விட்டால் அப்பா கதி என்ன, பத்திரிகைக்குச் சொன்னால் காட்ட என் கையில் என்ன இருக்கிறது. நிஜமாகவே எனக்கு வழி தெரியவில்லை, கண்ணே. நீ அங்கே குளிரில் காதை மூடாமல் அலையாதே, கையெழுத்துப் போடும் எதற்கும் ஒரு நகல் வைத்துக்கொள். என் அம்மா பொய்யே சொல்லமாட்டாள் என்று மாமியார் வீட்டில் பெருமையடிக்கிறாயாமே, அதைக் கொஞ்சம் நிறுத்தி வை. இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், அது மட்டும் நான் மனசாரச் சொல்வது. அவள் அப்பீல் செய்ய அறுபது நாள் கெடு. இன்றோடு பதினொரு நாள் போய்விட்டது.

இப்படிக்கு,
உன் அம்மா