எழுபத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பது

மார்ச் 3

முதலாளி வீட்டுத் தம்பிக்கு,

நலமா என்று கேட்க மனமில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

உன் அப்பாவின் வீடியோ கேம் கடையை ஒன்பது வருடம் பெருக்கித் துடைத்தவள் எழுதுகிறேன். அங்கே இருந்த பழைய ஆட்டத்தைப் புதிதாகச் செய்து தருகிறேன், விரும்புகிறவர்கள் முன்பணம் போடுங்கள், அந்தக் கடையின் ஸ்கோர் பட்டியலையும் உள்ளே வைக்கிறேன் என்று நீ அறிவித்து ஐந்து வருடம் ஆகிறது. முதல் நாளே மகள் வயிற்றுப் பேத்தியிடம் சொல்லிப் பணம் போட்டேன். "அடுத்த கோடை" என்றாய். பிறகு "வருடக் கடைசி" என்றாய். நடுவில் படம் போட்ட சட்டை வந்தது, கோப்பை வந்தது. உன்னிடம் யார் சட்டை கேட்டார்கள்?

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. இடது பக்கம் மூன்றாவது மெஷினில் என் மகன் வைத்த 73,640. அதை வைத்த பதினாறாம் நாள் லாரியில் அடிபட்டுப் போனான். அதற்குப் பிறகும் நான்கு மாதம், பெயருக்காக அவன் போட்ட மூன்று எழுத்து அந்தத் திரையின் உச்சியில் நின்றது. பிளக்கைப் பிடுங்கினால் அந்த மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் பிளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, விடுமுறை நாளில்கூட அணைக்க விடாமல் காவல் இருந்தேன். கரண்ட் பில்லுக்குப் பயந்து உன் அப்பா ஒரு புதன்கிழமை பிடுங்கிவிட்டார். அன்றைக்கே வேலையை விட்டேன். எதையும் மறக்கவில்லை.

இப்படிக்கு,
கடையைப் பெருக்கியவள்

மார்ச் 19

மதிப்பிற்குரிய ஆதரவாளர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் பொறுமைக்கு நன்றி. ஓவியர் ஒருவர் விலகியதால் பணி சற்றுத் தாமதமாகிறது. ஆட்டத்தின் ஓட்டத்தை இன்றைய தலைமுறைக்கு ஏற்ப மெருகேற்றி வருகிறோம். தங்கள் மகனின் ஸ்கோர் கட்டாயம் இடம்பெறும். இனி எழுதும்போது தங்கள் ஆதரவாளர் எண்ணைக் குறிப்பிடவும்.

குழுவின் சார்பில்

மார்ச் 27

தம்பி,

"ஆதரவாளர் அம்மா" என்று போட்டிருக்கிறாய். பெரியம்மா, பெரியம்மா என்று என் பின்னால் சுற்றி, என் தோளிலேயே மூக்கைத் துடைத்தவன் நீ. இப்போது எனக்கு எண் கேட்கிறாய்.

நீ வெளியிட்ட மாதிரிப் படத்தைப் பேத்தி காட்டினாள். ஓடுகிறவன் எண்ணெய்த் தரையில் வழுக்குகிறவன் மாதிரி ஓடுகிறான். பழையவன் குதிப்பதற்கு முன் அரை நொடி நிற்பான். எல்லாரும் அங்கேதான் தோற்பார்கள். என் மகன் மட்டும் அந்த அரை நொடியைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, இவன் மூச்சு வாங்குறான். அதுக்கு நேரம் குடுக்கணும்" என்பான். நான் ஒருநாளும் ஆடியதில்லை. துடைக்கிற துணியோடு பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். அந்த மூச்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எதை மெருகேற்றுகிறாய்?

பணம் போட்டவர்கள் கீழே எழுதியிருப்பதையும் வாசிக்கச் சொன்னேன். உன் முகத்தில் துப்ப வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன்.

உன் அப்பாவோடு இருபத்தெட்டு வருடம் நான் பேசவில்லை. அவர் சாவுக்கும் வரவில்லை. நீயும் அவர் மாதிரி ஆகிவிடாதே.

பெரியம்மா

ஏப்ரல் 30

பெரியம்மாவுக்கு,

ஆட்டம் வராது. குழுவைக் கலைத்துவிட்டேன். மற்றவர்களுக்கு நாளைதான் சொல்லப் போகிறேன்.

பிளக்கைப் பிடுங்கியது அப்பா இல்லை, நான். எனக்கு அப்போது பதினொரு வயது. அண்ணனைத் தாண்ட அந்த நான்கு மாதமும் தினம் முயன்றேன். முப்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை. ஒரே ஒருமுறை என் எழுத்து உச்சியில் வரட்டும் என்று உங்கள் டேப்பைக் கிழித்தேன். பிறகு ஒரு ஆட்டம் ஆடினேன். 4,200. உச்சியில் வந்தது. பார்க்கவே பயமாக இருந்தது. மறுபடியும் பிடுங்கினேன். அப்பா பார்த்துவிட்டார். "நீ வாயத் திறக்காத. அந்தம்மா என்னைத் திட்டிட்டுப் போகட்டும், நீ தாங்க மாட்ட" என்றார்.

அதைச் சரிசெய்யத்தான் இந்த ஆட்டத்தையே தொடங்கினேன். இத்துடன் ஒரு பெட்டி அனுப்புகிறேன். டிவியில் மாட்டினால் முதல் கட்டம் மட்டும் ஓடும். பட்டியலும் இருக்கும். என்னால் முடிந்தது அவ்வளவுதான். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் தம்பி

மே 11

தம்பி,

பெட்டி வந்தது. பேத்தி மாட்டிக் கொடுத்தாள். ஓடுகிறவன் குதிக்கும் முன் நின்று மூச்சு வாங்கினான். திருத்தியிருக்கிறாய். பட்டியலின் உச்சியில் என் மகனுடைய மூன்று எழுத்து, 73,640. ஒரு குறையும் இல்லை.

பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். "எதுக்குப் பாட்டி?" என்றாள். பிடுங்குடி என்றேன். மறுபடி மாட்டினால் அப்படியே இருக்கிறது. நானே எழுந்து போய்ப் பிடுங்கினேன். இரண்டு நாள் பிடுங்கியே வைத்திருந்தேன். அப்போதும் இருக்கிறது. பிடுங்கினாலும் போகாததற்கு நான் எதற்குக் காவல்? இது நீ எழுதி வைத்தது. அவன் ஆடி வைத்தது அந்தப் புதன்கிழமையே போய்விட்டது.

அதைக்கூட விடு. பதினொரு வயதில் செய்தது.

உன் அப்பா சாவதற்கு ஆறு மாதம் முன்பு, ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். திரும்பிப் பார்த்தவர் ஒதுங்கிக்கொண்டு, "நீங்க முதல்ல வாங்கிக்குங்க" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரிசையை விட்டே போய்விட்டேன். அவர் பக்கத்தில் நீ இருந்தாய். நீலச் சட்டை. மேல் பொத்தான் இல்லை. அன்றைக்கு உனக்குப் பதினொரு வயது இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

இனி நான் யார் வாசலில் போய் நின்று அந்த மனுஷனிடம் பேசுவது?

பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கடிதம் போடாதே. வந்தால் பேத்தியை வாசிக்க விட மாட்டேன். பெரியம்மா என்று எங்கேயும் சொல்லிக்கொள்ளாதே.

கடையைப் பெருக்கியவள்