மேட்டுத்தெரு நத்தைக்கல்லும் என் வலது கால் செருப்பும்

அனுப்புநர்
மா. மாயவன் (வயது 61),
ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர்,
மேட்டுத்தெரு, கூத்தனோடை,
உளுந்தூர்பேட்டை வட்டம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: மேட்டுத்தெருவில் பழைய சாலையைப் பெயர்த்தெடுக்காமல் ஐந்தாம் முறையாகச் சாலை போடவிருப்பதைத் தடுத்து நிறுத்தவும், மேற்படி தெரு கடலுக்கடியில் இருந்ததாக நான் சொன்ன சாட்சியத்தைத் திரும்பப் பெறவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவில் நான் சொல்லப்போவதைத் தாங்கள் நம்பமாட்டீர்கள். எலவனாசூர்கோட்டை முதல் களமருதூர் வரை என்னை அறிந்த யாரும் நம்பமாட்டார்கள். இருப்பினும் கடமை கருதித் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. எங்கள் தெருவில் 2001-இல் ஜல்லி கொட்டிச் சாலை போட்டார்கள். அதன் மேல் 2008-இல் தார். தாரின் மேல் 2015-இல் மறுபடி தார். அதற்கும் மேல் 2021-இல் சிமெண்ட். ஒவ்வொரு முறையும் தெருமுனைப் பலகையில் “பழைய சாலையைப் பெயர்த்தெடுத்து” என்று எழுதியிருந்தது. பெயர்ந்தது அந்தப் பலகை மட்டுமே. தெரு மூன்று அடி உயர்ந்துவிட்டது. இந்த வேகத்தில் போனால் என் பேரன் காலத்தில் நாங்கள் வெள்ளிமலை உயரத்தை எட்டிவிடுவோம். மேட்டுத்தெருவுக்கென்று தனியாக மலைப்பாதைப் பேருந்து விட வேண்டிவரும் என்பதை முன்கூட்டியே தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

2. இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டவர் என் தங்கை சாலம்மாள், விவசாயக் கூலி. 1994-இல் அவர் வீடு கட்டியபோது உள்ளே போக மூன்று படி ஏற வேண்டியிருந்தது. இப்போது இரண்டு படி இறங்க வேண்டும். அடை மழையில் தெருத்தண்ணீர் முழுவதும் அங்கேதான் குடியேறுகிறது. சென்ற ஐப்பசியில் அவர் அடுப்பில் அயிரை மீன்கள் குடும்பம் நடத்தின. அவற்றுக்கு ரேஷன் கார்டு மட்டும்தான் இல்லை. தீபாவளி முடிந்ததும் ஐந்தாவது சாலை, இன்னும் ஓர் அடி உயரத்துக்கு, வரப்போகிறது.

3. சென்ற மாதம் குடிநீர்க் குழாய் பதிக்கத் தெருவை ஆளுயரத்துக்கு வெட்டினார்கள். பள்ளத்தின் பக்கச்சுவரில் நான்கு சாலைகளும் ஒன்றின் மேல் ஒன்றாக, மடித்து அடுக்கிய ஜமக்காளம் போல் தெரிந்தன. அவற்றுக்கு அடியில் மஞ்சள் களிமண் ஒரு வரி. அந்த வரியில் ஆட்டுக்கடாக் கொம்பு போலச் சுருண்ட கற்கள்; நத்தைக்கல் என்று தெருவில் பெயர் வைத்துவிட்டோம்.

4. சாலம்மாளின் மகள் சுபஸ்ரீ அரசுக் கல்லூரியில் நிலவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவள்தான் பள்ளத்துக்குள் குதித்து, அவை அம்மோனைட் என்றும், கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிரின் கல்லான ஓடு என்றும், வயது சுமார் பத்துக் கோடி ஆண்டு என்றும் தெருவே கேட்கும்படி கூவினாள். வயது எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு போட்டோவில் பெண்கள் கட்டியிருக்கும் சேலை மோஸ்தரைப் பார்த்து அது எந்த வருஷத்துப் பொங்கல் என்று சொல்கிறோம் அல்லவா, அதுபோலத்தான் என்றாள். இந்த உயிரின் ஓடு வெகு சீக்கிரம் மோஸ்தர் மாற்றிக்கொண்டே இருந்ததாம். வரி, முண்டு, சுருள் என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு தினுசு. அதுவும் கடல்தோறும் பரவிய தினுசு. ஆகவே எந்தப் பாறை அடுக்கில் எந்தத் தினுசு இருக்கிறதோ, அதை வைத்து அந்த அடுக்கின் காலத்தைச் சொல்லிவிடலாம்.

ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. நம் பக்கத்துக் கருங்கல் இந்த ஓடுகளைவிடப் பல மடங்கு மூத்தது; அதில் கடல் உயிருக்கு வேலையே இல்லை. “இது எப்பிடி மாமா இங்க வந்துது?” என்றாள்.

எனக்குத் தெரியும். இருந்தும், “நடந்து வந்துது” என்றேன். இதுவே என் முதல் குற்றம்.

5. இரண்டாம் குற்றம், அன்று முதல் டீக்கடையில் உட்கார்ந்து, மேட்டுத்தெரு ஒரு காலத்தில் கடல் என்றும், பிள்ளையார் கோயில் இருக்கும் இடத்தில் திமிங்கிலம் கட்டிப் போட்டிருந்தார்கள் என்றும், என் முப்பாட்டனார் அதில் ஏறித்தான் கள்ளக்குறிச்சி சந்தைக்குப் போய்வந்தார் என்றும் நான் சொன்னது. கேட்டவர்களில் ஒருவர் சாலை ஒப்பந்ததாரர் திரு ராஜாங்கம். அவர் என் டீக்குச் சேர்த்துக் காசு கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

6. பள்ளத்தை அளக்க வந்த மேற்பார்வையாளரிடம் திரு ராஜாங்கம் எழுத்து மூலம் கொடுத்த பதில்: களிமண் வரி பத்துக் கோடி ஆண்டு பழையது, ஆகவே இத்தெரு இயற்கையாக அமைந்த மேடு, பள்ளத்தில் வீடு கட்டியது சாலம்மாளின் பிழை. சாட்சி: மாயவன், தெருவின் மூத்த குடிமகன். நான் போய்க் கேட்டதற்கு, “இன்னாண்ணே, நீயே கடலுன்னு சொல்லிக்கினு திரிஞ்ச. நான் போட்டது வெறும் மேல்பூச்சு” என்றார்.

என் தங்கை என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். “ஊருக்கெல்லாம் கத சொல்லிக்கினு கெடந்த, இப்ப என் வூட்டு வாசல்ல வந்து நின்னுக்கினு இருக்குது பாரு, உன் கடலு.” அதன் பிறகு எனக்குக் காபி நின்றுவிட்டது.

7. எனவே உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் களிமண்ணைக் கடல் கொண்டுவரவில்லை. நான் கொண்டுவந்தேன். 1994-இல் வெள்ளிமலைப் புளி மூட்டைகளை அரியலூரில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஒரு காலத்தில் நிஜமாகவே கடலாக இருந்த காரை கிராமத்துப் பக்கம் குளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். காலி வண்டியைத் திருப்புவது லாரிக்காரன் குலத்துக்கு இழுக்கு. எங்கள் தெரு அப்போது சேறாகக் கிடந்ததால், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு லோடு ஏற்றிவந்து கொட்டினேன். பத்துக் கோடி ஆண்டு பழைய மண்ணை முப்பத்தொரு ஆண்டுக்கு முன் எடுத்த குற்றத்துக்குத் தாங்கள் தரும் தண்டனையை ஏற்கச் சித்தமாயிருக்கிறேன்.

8. இதைச் சொன்னதும் சுபஸ்ரீ என்னைத் திட்டவில்லை. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா தன் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு இன்று போட்டோ எடுத்தால் அது கல்யாணப் போட்டோ ஆகிவிடுமா என்று கேட்டாள். ஓடு தான் பிறந்த அடுக்கில் கிடக்கும் வரைதான் அதன் வயது அடுக்கின் வயது. லாரி ஏறிவிட்டால் அது லாரிக் கணக்கு.

9. ஆதாரம் கேட்பீர்கள். இருக்கிறது. லோடு கொட்ட இடம் பார்க்க இறங்கியபோது என் வலது கால் ஹவாய் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. எடுக்கத் திரும்புவதற்குள் கிளீனர் பின்பலகையைத் திறந்துவிட்டார். மண் சரிந்து மூடிவிட்டது. அச்செருப்பு இன்று பள்ளத்துச் சுவரில், நத்தைக்கற்களுக்கு அடியில், நீல வார் தெரியக் கிடக்கிறது. அறுந்த வாரை நான் ஹாரன் ஒயரால் கட்டியிருந்தேன். அந்தப் பச்சை ஒயரும் அப்படியே உள்ளது. அடியில் கிடப்பது முதலில் வந்தது என்பது விதி. திரு ராஜாங்கத்தின் கூற்றுப்படி மேலே உள்ள அடுக்குக்குப் பத்துக் கோடி வயது என்றால், அதற்கும் முன்பே இவ்வுலகில் நான் செருப்புடன் நடமாடியிருக்கிறேன். எனக்குப் பெருமைதான், ஆயினும் என் ஆதார் அட்டை அதற்கு இடம் தரவில்லை.

10. ஜோடியான இடது கால் செருப்பை, புது வீட்டுக்குக் கண் படாதிருக்க, சாலம்மாள் அதே வாரம் வாசல் கூரையின் இறவாணத்தில் கட்டித் தொங்கவிட்டார். அதிலும் அதே பச்சை ஒயர். அன்று அது தெருவிலிருந்து கைக்கெட்டாத உயரம். இன்று தபால்காரர் நெற்றியில் இடிக்கிறது. அவர் பெரிய மனது பண்ணிப் புகார் கொடுக்கவில்லை.

11. வலது செருப்பைத் தோண்டி எடுத்து நேரில் கொண்டுவரத்தான் நினைத்தேன். சுபஸ்ரீ தடுத்துவிட்டாள். “எடுத்துட்டீங்கன்னா அது வெறும் செருப்பு மாமா. கெடந்த எடத்துலயே கெடந்தாத்தான் சாட்சி.” புதுச் சாலை போடுமுன் பள்ளத்தை மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் சாட்சியும் போய்விடும்.

ஆகவே ஐயா, பள்ளம் மூடப்படுமுன் தாங்களோ தங்கள் பிரதிநிதியோ நேரில் வந்து அடுக்குகளைப் பார்வையிட்டு, நான்கு சாலைகளையும் பெயர்த்தெடுத்த பிறகே ஐந்தாவதைப் போட உத்தரவிடுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். என் களிமண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனால் ஆட்சேபணை இல்லை.

இடம்: கூத்தனோடை
நாள்: 13.10.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள (இம்முறை),
மா. மாயவன்

இணைப்பு: நத்தைக்கல் ஒன்று, புகைப்படங்கள் நான்கு. செருப்புகள் இணைக்கப்படவில்லை, இரண்டும் அதனதன் இடத்தில் உள்ளன.

பின்குறிப்பு: திமிங்கிலம் பொய். முப்பாட்டனார் நடந்தே போனார். அயிரை மீன் குடும்பம் நடத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் வந்தது, அதுவும் செத்து. ஆனால் அது அடுப்புக்குள் கிடந்தது என்பது உண்மை. அன்று என் தங்கை உலை வைக்கவில்லை. தாங்கள் வரும்போது வாசலில் தலையைக் குனிந்து வரவும்.