மூன்று தலைவலியும் ஒரு பெட்டியும்

பிப்ரவரி 4
ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர் வந்திருக்கிறார். சம்பளம் கிடையாது, லீவு கேட்கமாட்டார், கம்ப்யூட்டர் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். நோயாளியின் தொல்லைகளைத் தட்டினால், எந்த நோய் இருந்தால் இத்தனையும் வரும் என்று ஊகித்துச் சொல்வாராம். இருபது வருஷமாக இங்கே டாக்டராக நான் என்ன, ஈ ஓட்டிக்கொண்டிருந்தேனா? பெட்டியை வாங்கலாமா வேண்டாமா என்று நான்தான் அறிக்கை தரவேண்டும். நல்ல ஆளாகப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 6
குளிர் தாங்கவில்லை. மனைவிக்குத் தலைவலி. பகலெல்லாம் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்த்தால் டென்ஷன் வராதா? மகளுக்குக் காலையில் குமட்டல், பரீட்சை பயம். எனக்கும் மண்டை இடி, உபயம் பெட்டி. மூவருக்கும் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லியாயிற்று. ஃபீஸ்தான் யாரும் தரவில்லை.

பிப்ரவரி 9
ஞாயிறு. நாள் முழுக்கப் பூங்கா. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. திரும்பி வந்து குளித்ததும் மறுபடி ஆரம்பம். வீட்டுக்கு வந்தாலே வலிக்கிறது என்றாள் மனைவி. வீடு என்றால் எல்லாருக்கும் அப்படித்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 10
பெட்டியின் மூக்கை உடைக்க ஒரு யோசனை. எங்கள் மூவரின் தொல்லைகளையும் சேர்த்து, ஒரே நோயாளி என்று பொய்யாகத் தட்டினேன். திணறட்டும்.

திணறவில்லை. திருப்பிக் கேட்டது: வெளியே போனால் குறைகிறதா? வீட்டில் மற்றவர்களுக்கும் உண்டா? மூடிய இடத்தில் கேஸ் எரிகிறதா?

குளியலறை கேஸ் ஹீட்டர்! அதுக்கு மேல இருந்த காத்துத் துவாரத்தை, குளிருதுன்னு அட்டை வெச்சு அடைச்சது யாரு? நானேதான். மக வேற இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகல. போன் பண்ணினேன். ரெண்டு பேரும் எடுக்கல. மறுபடியும் எடுக்கல—

பிப்ரவரி 11
பிழைத்துக்கொண்டார்கள். போனில் நான் கெஞ்சியதும் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்து உள்ளே போயிருக்கிறார். மகள் குளியலறை வாசலில் கிடந்தாளாம், பக்கத்திலேயே அவளைத் தூக்கப் போன அம்மா. ரத்தம் முழுக்கக் கார்பன் மோனாக்சைடு.

ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு மனைவி மெதுவாகச் சொன்னாள்: "நான் சொன்னா டென்ஷன். பொட்டி சொன்னா நோய்."

இருபது வருஷ அனுபவம் இருக்கிறது. அதை வைத்து மாஸ்க்கை மறுபடி ஒழுங்காகப் பொருத்தினேன்.

பிப்ரவரி 17
அறிக்கை கொடுத்துவிட்டேன். வாங்கலாம். கேள்வி கேட்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறது, நடுவில் ஜோக் அடிப்பதில்லை.

சாயங்காலம் மனைவி இடுப்பு வலிக்கிறது என்றாள். நாக்கு நுனிவரை தீர்ப்பு வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எப்போதிலிருந்து என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணமான வருஷத்திலிருந்து ஆரம்பித்தாள்.